காண முடியாத இழைகளை அளந்த ஒளி

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கிட்டு இரு முனைகளுக்கும் கொண்டுசேர்ப்பவை கதிர்க்கோல் இழைகள் என்று இன்று பள்ளிப் பாடநூலே சொல்லிவிடுகிறது. ஆனால் அப்படியொரு இழை உயிருள்ள செல்லுக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வி எழுபது ஆண்டுகள் தீராமல் கிடந்தது. ஜெர்மானிய உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங் 1882-இல் வெளியிட்ட நூலில் அந்த இழைகளை அழகாக வரைந்திருந்தார். அவை அமிலத்தில் பதப்படுத்திச் சாயமேற்றிய செல்களில் தெரிந்தவை. உயிரோடு இருக்கும் செல்லை அதே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், குரோமோசோம்களைச் சுற்றித் தெளிந்த நீர்போல ஒரு பகுதி மட்டும் தெரியும்; இழை எதுவும் இருக்காது. புரதக் கரைசலில் அமிலம் பட்டாலே நூல்நூலாகத் திரளும் என்பதும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே, கதிர்க்கோல் என்பது செல்லைக் கொன்ற அமிலம் உண்டாக்கிய தோற்றமே தவிர உயிரின் உறுப்பு அல்ல என்று தேர்ந்த ஆய்வாளர்களே வாதாடினார்கள். அது பிடிவாதமான வாதம் அல்ல. கையில் இருந்த சான்றுக்கு நேர்மையாகப் பொருந்திய வாதம்.

அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது உருப்பெருக்கம் கூடிய கருவி அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும், சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே நெருங்கி நிற்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டாது. கதிர்க்கோலின் அடிப்படைக் கூறான நுண்குழலின் விட்டமோ 25 நானோமீட்டர்தான். அதாவது, கருவியின் எல்லைக்கு எட்டு மடங்கு கீழே இருக்கிறது. ஆனாலும் 1953-இல் ஷின்யா இனோவே உயிருள்ள செல்லில் இழைகள் இருப்பதை ஒளியைக் கொண்டே நிறுவினார். அவர் அளந்தது இழையின் உருவத்தை அல்ல, இரட்டை ஒளிவிலகலை. அதற்கு அவர் பயன்படுத்தியது, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கொண்டு பார்க்கும் தளவிளைவு நுண்ணோக்கி. அது பெரும்பாலும் பாறைத் துண்டுகளை வண்ணவண்ணமாகக் காட்டும் கருவியாகவே அறிமுகமாகிறது. அதன் உண்மையான வலிமை வேறு இடத்தில் இருக்கிறது: தன்னால் பிரித்துப் பார்க்க முடியாத நுண்ணிய கூறுகள் எந்தத் திசையில், எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு அடர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது எண்ணாகவே சொல்லிவிடும். கோரைப் பாயைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கோரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கோரையாகத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தளவிளைவு பெற்ற ஒளி செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கல்லிலிருந்தே தொடங்கலாம். டென்மார்க்கின் ராஸ்மஸ் பார்த்தொலின் 1669-இல் ஐஸ்லாந்துப் படிகம் எனப்பட்ட தெளிந்த கால்சைட்டின் வழியே பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிவதைப் பதிவு செய்தார். அந்தப் படிகத்துக்குள் புகும் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிகிறது. ஒன்றின் அதிர்வுத் தளம் மற்றதற்குச் செங்குத்து. இரண்டின் வேகமும் வேறு. கால்சைட்டில் ஒரு கதிருக்கு ஒளிவிலகல் எண் 1.658, மற்றதற்கு அதிகபட்ச வேறுபாட்டில் 1.486. இவ்விரண்டின் வித்தியாசமான 0.172-தான் அதன் இரட்டை ஒளிவிலகல் அளவு. குவார்ட்ஸில் இதே வித்தியாசம் 0.009 மட்டுமே. எந்தத் திசையில் அதிர்ந்தாலும் ஒளிக்கு ஒரே வேகம் தரும் பொருளில், அதாவது கண்ணாடியிலும் நீரிலும் உப்புப் படிகத்திலும், இது சுழியம். எனவே இந்த எண் பொருள் எவ்வளவு கனமானது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் உள்ளமைப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு திசைக்குச் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பற்றிப் பேசுகிறது.

இதை அளக்கும் நுண்ணோக்கியில் மாதிரிக்குக் கீழே, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டுத் தகடு ஒன்று, மேலே இன்னொரு போலராய்டு. (போலராய்டு வருவதற்கு முன் 1828-இல் வில்லியம் நிகோல் கால்சைட்டை அறுத்து ஒட்டிச் செய்த பட்டகம் அந்த வேலையைச் செய்தது.) இரண்டையும் குறுக்கே நிறுத்தினால் ஒளி வராது, பார்வைப்புலம் இருண்டுவிடும். நடுவே இரட்டை ஒளிவிலகல் உள்ள பொருளை வைத்ததும் ஒளி இரு கதிர்களாகப் பிரிந்து, ஒன்று மற்றதைவிடப் பின்தங்கி வெளிவருகிறது. அந்தப் பின்தங்கலை இயற்பியலில் பாதை வேறுபாடு என்பார்கள். மேலேயுள்ள போலராய்டில் இரண்டும் சேரும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் ஓங்குகின்றன. இருளில் வண்ணம் பூக்கிறது. பாதை வேறுபாடு என்பது பொருளின் தடிமனை இரட்டை ஒளிவிலகலால் பெருக்கினால் வரும் தொகை. பாறையியலாளர்கள் கல்லை 0.03 மில்லிமீட்டர், அதாவது 30,000 நானோமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து வைப்பது இதனால்தான். அந்தத் தடிமனில் குவார்ட்ஸுக்குப் பாதை வேறுபாடு 270 நானோமீட்டர். வெளிறிய சாம்பலும் வெண்மையும் கலந்த நிறம் தரும். சென்னை பரங்கிமலைப் பகுதியின் சார்னோகைட் பாறையில் குவார்ட்ஸோடு ஹைபர்ஸ்தீன் என்ற கனிமமும் உண்டு. அதன் இரட்டை ஒளிவிலகல் ஏறக்குறைய 0.013. பாதை வேறுபாடு 390 நானோமீட்டர். எனவே அது மஞ்சளாகவோ இளம் ஆரஞ்சாகவோ தெரியும். பிரெஞ்சு நிலவியலாளர் மிஷேல்-லெவி 1888-இல் தடிமன், நிறம், இரட்டை ஒளிவிலகல் மூன்றையும் ஒரே படத்தில் இணைத்து வரைந்த அட்டவணை இன்றும் ஆய்வகச் சுவர்களில் தொங்குகிறது. அந்தப் படம் மறைமுகமாக ஓர் எச்சரிக்கையும் செய்கிறது. நிறம் பொருளின் சொத்து அல்ல. துண்டு கொஞ்சம் தடித்துவிட்டால் குவார்ட்ஸே மஞ்சளாகிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் முதலில் குவார்ட்ஸ் துகள் ஒன்றைத் தேடி, அதன் நிறத்தைக் கொண்டு துண்டின் தடிமனைச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றக் கனிமங்களுக்குப் போவார்கள்.

பாறையில் பாதை வேறுபாடு நூற்றுக்கணக்கான நானோமீட்டர், கண்ணே போதும். உயிருள்ள செல்லின் கதிர்க்கோலில் அது சில நானோமீட்டர் மட்டும். இந்த இடத்தில்தான் அளவை உண்மையில் கடினமாகிறது, கணக்கும் சுவையாகிறது. 546 நானோமீட்டர் அலைநீளமுள்ள பாதரச விளக்கின் பச்சை ஒளியை எடுத்துக்கொள்வோம். கதிர்க்கோலின் பாதை வேறுபாடு 2 நானோமீட்டர் என்று வைத்தால், குறுக்கே நின்ற போலராய்டுகளின் வழியே அது விடும் ஒளி, வரக்கூடிய மொத்தத்தில் ஏறக்குறைய 7,500-இல் ஒரு பங்குதான். அதிக உருப்பெருக்கம் தரும் சாதாரண லென்ஸ்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி எப்படியும் கசியும். லென்ஸ் கண்ணாடியில் தங்கிவிட்ட இறுக்கமும், வளைந்த பரப்பில் சாய்ந்து விழும் கதிர்களின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்பிவிடுவதும் அதற்குக் காரணம். அந்தக் கசிவின் மேல் கதிர்க்கோல் கூட்டும் வெளிச்சம் சுமார் 13 விழுக்காடு. மங்கலான ஒளியில், அசைந்துகொண்டிருக்கும் செல்லில், அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது: 10 நானோமீட்டர் பாதை வேறுபாடு தரும் மெல்லிய மைக்கா தகட்டை வேண்டுமென்றே ஒளிப்பாதையில் சேர்ப்பது. இப்போது பின்னணியில் 10, கதிர்க்கோல் இருக்கும் இடத்தில் 12. ஒளிச்செறிவு பாதை வேறுபாட்டின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், அதே 2 நானோமீட்டர் முன்பைவிட 11 மடங்கு பெரிய மாற்றத்தைக் காட்டுகிறது. கதிர்க்கோல் பின்னணியைவிட மூன்றில் ஒரு பங்கு பிரகாசமாகிவிடும். செல்லைத் தொண்ணூறு பாகை திருப்பினால் 12-க்குப் பதில் 8 ஆகும்; அதே கதிர்க்கோல் இருண்டு தெரியும். பிரகாசம் இருளாக மாறும் அந்தத் திருப்பத்தில் இழைகளின் திசையும் கையில் கிடைத்துவிடுகிறது. கண்ணை நம்பாமல் எண்ணாகவே வேண்டுமென்றால், சேனார்மோன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளரின் முறை இருக்கிறது. கால் அலைத் தகடு ஒன்றைச் சேர்த்து, கதிர்க்கோல் இருண்டுபோகும் வரை மேல் போலராய்டை மெல்லத் திருப்பி, திருப்பிய கோணத்தைப் படிக்க வேண்டும். பச்சை ஒளியில் ஒரு பாகை என்பது 3.03 நானோமீட்டர். 2 நானோமீட்டரைப் படிக்க ஒரு பாகையில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பினால் போதும். ஓர் அணுவின் விட்டத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கே உள்ள நீளத்தை ஒரு வட்டத் தகட்டின் கோட்டில் படிக்கிறோம் என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

ஜப்பானில் படித்து பிரின்ஸ்டனில் ஆய்வுப் பட்டம் பெற்ற இனோவே, இந்தக் கசிவைக் குறைப்பதற்காகத் தம் நுண்ணோக்கிகளைத் தாமே கட்டிக்கொண்டார். 1957-இல் ஹைட் என்பவருடன் சேர்ந்து லென்ஸ் திருப்பிவிடும் அதிர்வுத் தளத்தை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யும் ஒளியியல் அமைப்பையும் உருவாக்கினார். அதற்கு முன்பே, 1953-இல், கீட்டோப்டெரஸ் என்ற கடற்புழுவின் முட்டையிலும் லில்லிப் பூவின் மகரந்தத் தாய்ச்செல்லிலும் கதிர்க்கோல் இழைகளை உயிரோடு படம்பிடித்துக் காட்டியிருந்தார். அமிலமும் இல்லை, சாயமும் இல்லை. செல் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஆனால் இருக்கிறது என்று காட்டியதைவிட, அளந்ததால் கிடைத்ததுதான் பெரிது. செல்லைக் குளிர்வித்ததும் கதிர்க்கோலின் இரட்டை ஒளிவிலகல் குறைந்து சில நிமிடங்களுக்குள் மறைந்தது. மீண்டும் வெதுவெதுப்பாக்கியதும் திரும்பி வந்தது. செல் பிரிதலும் தொடர்ந்தது. கொல்சிசின் கொடுத்தபோதும் மறைந்தது. நம் ஊர்க் கண்வலிக்கிழங்கின் விதையில், அதாவது செங்காந்தளில், இருக்கும் அதே வேதிப்பொருள்தான் அது. அப்படி மறையும்போது கதிர்க்கோல் சுருங்கியது. சுருங்கச் சுருங்கக் குரோமோசோம்கள் செல்லின் ஓரத்தை நோக்கி இழுபட்டன. இந்த எண்களிலிருந்து இனோவே வந்த முடிவு துணிச்சலானது. கதிர்க்கோல் இழை என்பது நிலையான கயிறு அல்ல. சிறு மூலக்கூறுகள் செல்லில் மிதக்கும் இருப்பிலிருந்து வந்து ஒட்டுவதும் பிரிந்து போவதுமாக எப்போதும் சமநிலையில் இருக்கும் அமைப்பு. அது மெல்லக் குலைவதே குரோமோசோமை இழுக்கப் போதும் என்றார். 1967-இல் சாட்டோவுடன் சேர்ந்து அவர் இதை விரிவாக எழுதினார். அதே ஆண்டில்தான் கொல்சிசின் பற்றிக்கொள்ளும் புரதத்தை போரிசியும் டெய்லரும் அடையாளம் கண்டனர். பிறகு அதற்கு டியூபுலின் என்று பெயர் வந்தது. நுண்குழல் குலைவதே குரோமோசோமை நகர்த்தும் என்பது 1988-இல் செல்லுக்கு வெளியே, சோதனைக் கண்ணாடியிலேயே காட்டப்பட்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கியோ 1960-களின் தொடக்கம் வரை கதிர்க்கோலின் நுண்குழல்களைத் தெளிவாகக் காட்டவில்லை. ஆஸ்மியம் டெட்ராக்சைடைக் கொண்டு பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் பதப்படுத்துவது அன்றைய வழக்கம். குளிரே அவற்றைக் கலைத்துவிட்டிருந்தது. பதப்படுத்தக் குளூட்டரால்டிஹைடு வந்த பிறகுதான், 1963-இல், லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவரச் செல்லில் அவற்றைக் கண்டு நுண்குழல் என்று பெயரிட்டனர். பன்மடங்கு நுட்பமாகப் பார்க்கக்கூடிய கருவி தவறவிட்டதை, தடவிப் பார்த்த ஒளி பத்து ஆண்டுகள் முன்பே கணக்கில் எடுத்திருந்தது.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி வலுவானது. ஏதோ ஒன்று ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும்தானே அந்த எண் சொல்கிறது? அது நுண்குழல்தான் என்று எப்படித் தெரியும்? இழைகளோடு நீண்ட புரதங்களோ வேறு ஏதோ சவ்வுகளோ அணிவகுத்திருந்தாலும் இதே அளவு வரலாமே. இதற்கு விடை 1912-இல் ஆட்டோ வீனர் எழுதிய கோட்பாட்டில் இருந்தது. ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய கம்பிகள் ஒரே திசையில் நிற்கும்போது, ஒவ்வொரு கம்பியும் தன்னளவில் இரட்டை ஒளிவிலகல் இல்லாததாக இருந்தாலும், கூட்டமாக அது உண்டாகிவிடும். கம்பியின் நீளவாக்கில் அதிரும் ஒளிக்கும் குறுக்கே அதிரும் ஒளிக்கும் அந்தக் கூட்டம் வேறு வேறு ஒளிவிலகல் எண்ணைக் காட்டுவதே காரணம். இதை வடிவத்தால் வரும் இரட்டை ஒளிவிலகல் என்பார்கள். கம்பிகளைச் சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண்ணைக் கம்பியின் எண்ணுக்குச் சமமாக்கினால் இந்த விளைவு அழிந்துவிடும்; மூலக்கூறுகளிலேயே உள்ளது மட்டும் மிஞ்சும். சாட்டோ, எல்லிஸ், இனோவே மூவரும் கடல் நட்சத்திர முட்டையிலிருந்து கதிர்க்கோல்களைப் பிரித்தெடுத்து, வெவ்வேறு ஒளிவிலகல் எண் கொண்ட திரவங்களில் அமிழ்த்தி அளந்தனர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிய நுண்குழல்களின் அடர்த்தியை வீனரின் சமன்பாட்டில் இட்டால் வரும் வளைகோடு, அளந்த வளைகோட்டோடு பொருந்தியது. 1975-இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு, கதிர்க்கோலின் இரட்டை ஒளிவிலகல் நுண்குழல்களின் கணக்கே என்று சொல்ல உரிமை கிடைத்தது. அதற்கு முன் அது நல்ல ஊகமாகத்தான் இருந்தது. இந்த வேறுபாட்டை மழுப்பக் கூடாது.

இரண்டாவது எதிர்வாதம் தடிமனைப் பற்றியது. கருவி அளப்பது பாதை வேறுபாட்டை. இரட்டை ஒளிவிலகலை அறியத் தடிமனால் வகுக்க வேண்டும். கல்லில் குவார்ட்ஸ் துகள் அளவுகோலாக நிற்கிறது. செல்லில் யார் நிற்பார்கள்? கதிர்க்கோலைப் பொறுத்தவரை அதன் உருவமே உதவிக்கு வருகிறது. அது தன் அச்சைச் சுற்றி ஏறக்குறைய வட்டமானது; படத்தில் தெரியும் அகலமே ஆழமும் ஆகும். ஆனால் இந்தச் சலுகை எல்லா உயிர்ப்பொருளுக்கும் கிடையாது. தட்டையாகவும் கோணலாகவும் இருக்கும் செல்லில் பாதை வேறுபாட்டோடு நின்றுவிடுவதே நேர்மை. இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செல்லும் இரண்டு இழைக்கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமைந்தால் ஒன்றின் பின்தங்கலை மற்றது ஈடுகட்டி, கருவி சுழியம் என்று சொல்லிவிடும். எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக இழைகள் நிறைந்திருந்தாலும் சுழியம்தான். ஆகவே, இரட்டை ஒளிவிலகல் தெரிந்தால் ஒழுங்கு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் இழையே இல்லை என்று சொல்லவே முடியாது. இந்தச் சமச்சீரின்மையை மறந்து எழுதப்படும் முடிவுகள்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர் தருகின்றன.

இன்று ஒளிரும் புரதங்களை மரபணுவோடு ஒட்டி, டியூபுலினை மட்டும் பச்சையாக மின்னவைத்துப் பார்க்கலாமே, பழைய போலராய்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வக ஈஸ்ட்டுக்கும் புழுவுக்கும் அது சரி. எந்தப் புரதம் எங்கே என்ற கேள்விக்கு ஒளிரும் குறியை மிஞ்ச வேறில்லை. ஆனால் குறி இடவே கூடாத செல்களும் உண்டு. அவற்றில் முதன்மையானது, கருத்தரிப்புச் சிகிச்சைக்காக எடுக்கப்பட்ட மனித முட்டை. நாளை குழந்தையாக வேண்டிய செல்லில் சாயமும் ஏற்ற முடியாது, மரபணுவும் சேர்க்க முடியாது. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும்போது கதிர்க்கோலைக் குத்திவிடக் கூடாது. முட்டை முதிரும்போது வெளித்தள்ளி அருகிலிருக்கும் சிறு செல்லான துருவச் செல்லைக் கொண்டு கதிர்க்கோலின் இடத்தை ஊகிப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. ருடால்ஃப் ஓல்டன்பர்க் 1995-இல் திரவப் படிகத் தகடுகளைக் கணினியோடு இணைத்து உருவாக்கிய தளவிளைவு நுண்ணோக்கி, செல்லைத் திருப்பாமலே ஒவ்வொரு புள்ளியிலும் பாதை வேறுபாட்டையும் திசையையும் படமாகத் தந்தது. அதைக் கொண்டு முட்டைகளைப் பார்த்தபோது, கதிர்க்கோல் எப்போதும் துருவச் செல்லுக்கு நேர் கீழே இருப்பதில்லை என்பது தெரிந்தது. 2001-இல் வாங், கீஃப் உள்ளிட்டோர், கதிர்க்கோல் தெரிந்த முட்டைகள் தெரியாதவற்றைவிட அதிகமாகக் கருவுற்றதைக் காட்டினர். அதன்பின், கதிர்க்கோலின் பாதை வேறுபாட்டை வைத்தே கருத்தரிப்பைக் கணிக்கலாம் என்று சிலர் வேகமாக முன்னே போனார்கள். தொடர்ந்து வந்த ஆய்வுகள் அதில் ஒத்துப்போகவில்லை. அதில் வியப்பில்லை. கதிர்க்கோல் தெரியாததற்கு முட்டை முதிராதது ஒரு காரணம் மட்டுமே. மேசையில் சில நிமிடம் குளிர்ந்திருந்தாலும் இனோவேயின் புழு முட்டையில் நடந்ததுபோலவே நுண்குழல்கள் கலைந்திருக்கும். மனித முட்டையில் அவை முழுமையாகத் திரும்புவது உறுதியும் அல்ல. கதிர்க்கோலின் அச்சு பார்ப்பவரை நோக்கி நேராக நின்றாலும் ஒளிக்கு இரு திசைகளும் ஒன்றாகி, பாதை வேறுபாடு சுழியமாகிவிடும். அதனால்தான் இந்த வேலையை நன்கு அறிந்த ஆய்வகங்களில் நுண்ணோக்கியின் மேடை 37 பாகை செல்சியஸில் வைக்கப்படுகிறது; கதிர்க்கோல் தெரியாத முட்டையைப் பற்றி முடிவுசெய்யும் முன், பிடித்திருக்கும் கண்ணாடிக் குழாயால் அதை மெல்ல உருட்டி வேறு கோணங்களிலும் பார்த்துவிடுகிறார்கள்.